பழைய கடற்படை அதிகாரி வாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா பெட்டியில் கிடைத்தது, ஏலத்தில் பார்த்தது, பழம்பொருள் கடையில் விலை சொன்னது என்று வாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் பலரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். உலகச் சந்தையில் அதிகம் புழங்குவதும், இந்தியாவில் அதிகம் கண்ணில் படுவதும் பிரிட்டனின் ராயல் நேவி அதிகாரி வாள். அதனால் பதில்கள் எல்லாம் அதைப் பற்றியே. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

கப்பல்ல மாலுமிங்க வெச்சிருந்த வாளும் அதிகாரி வாளும் ஒண்ணுதானா?

இல்லை. மாலுமிகள் சண்டைக்கு எடுத்தது கட்லஸ். அது அரசின் சொத்து. கப்பலின் ஆயுத அடுக்கில் இருக்கும், சண்டை முடிந்ததும் திரும்ப வாங்கி வைத்துவிடுவார்கள். 1804 மாதிரி கட்லஸில் எட்டு என்ற ஆங்கில எண்ணைப் போல இரட்டை வட்டமாக வெட்டிய இரும்புத் தகடு கைக்காப்பாக இருக்கும். வரி வரியான இரும்புக் கைப்பிடி, அலங்காரமே இல்லாத நேர் அலகு. கட்லஸ் 1936 வரை கப்பல்களில் இருந்தது.

அதிகாரி வாள் அவரவர் சொந்தக் காசில் வாங்கியது. அதனால்தான் பொன்முலாம், சிங்கத் தலை, பெயரெழுத்து எல்லாம். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு வாள்கள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காததற்கும் இதுதான் காரணம். ஒழுங்குவிதி பொது உருவத்தைச் சொன்னது. தரத்தை முடிவு செய்தது வாங்குபவரின் பணப்பை.

வாளோட ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பேர்? விற்கிறவங்க சொல்றது புரியல.

வெட்டும் பகுதி அலகு. அதன் வெட்டும் ஓரம் வாய், கைப்பிடியை ஒட்டிய முனை தோள். கையில் பிடிப்பது கைப்பிடி. விரல்களை மறைத்து நிற்கும் பித்தளைத் தகடு கைக்காப்பு. கைப்பிடியின் உச்சியில் இருப்பது குமிழ். சிங்கத் தலை வருவது இந்த இடத்தில். குமிழிலிருந்து கைப்பிடியின் முதுகோடு இறங்கும் பித்தளைப் பட்டை முதுகுத் தகடு, சிங்கத்தின் பிடரி மயிர் இதன்மேல் வழிந்திருக்கும். அலகின் வால் கைப்பிடிக்குள் புகுந்து உச்சிவரை போய், அங்கே அடித்துப் பரப்பப்பட்டிருக்கும்.

உறை கறுப்புத் தோல். அதில் மூன்று பித்தளைப் பூண்கள்: வாய்ப்பூண், நடுப்பூண், நுனிப்பூண். முதல் இரண்டிலும் தொங்குவார் மாட்ட வளையம் இருக்கும். கைப்பிடியில் கட்டும் நீலமும் பொன்னும் கலந்த கயிறு, வாள் குஞ்சம். கீழே இந்தப் பெயர்களையே பயன்படுத்துகிறோம்.

கைப்பிடி சுறாத் தோல்னு சொல்றாங்க. உண்மையா?

பெரும்பாலும் திருக்கைத் தோல். சொரசொரப்பான மணி மணியான பரப்பு, ஈரக் கையிலும் வழுக்காது. கட்டையின்மேல் தோலைச் சுற்றி, வரிப்பள்ளங்களில் பொன்முலாம் பூசிய கம்பியை முறுக்கிச் சுற்றுவார்கள். தோலின் ஓரங்கள் சந்திக்கும் தையல், முதுகுத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உண்மைத் தோலில் மணிகள் ஒன்றுக்கொன்று அளவு மாறி இருக்கும். வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும்.

1805-க்கு முன்னாடி அதிகாரிங்க என்ன வாள் வெச்சிருந்தாங்க?

பிடித்ததை. ராயல் நேவி அதிகாரிகளுக்குச் சீருடை வந்தது 1748-இல். வாளுக்கு மட்டும் அதன்பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் விதி கிடையாது. நாகரிகச் சிறுவாள் வைத்திருந்தவர்கள் உண்டு, வேட்டைக்காரர்கள் வைக்கும் குட்டை வளைவாள் வைத்திருந்தவர்களும் உண்டு.

1780-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு வகை பரவலானது. 1786-இல் தரைப்படைக் காலாட்படை அதிகாரிகளுக்கு 32 அங்குல நீளமும் தோள்பக்கம் ஒரு அங்குல அகலமும் உள்ள நேர் அலகு விதிக்கப்பட்டது. அதே அலகைக் கடற்படையினரும் எடுத்துக்கொண்டார்கள். கைக்காப்பில் ஐந்து சிறு உருண்டைகள் வரிசையாக இருக்கும். குமிழ் மெத்தை வடிவில் இருக்கும். கைப்பிடி நெடுக வரியிட்ட தந்தம், நடுவில் ஒரு பட்டை, அந்தப் பட்டையில் நங்கூரம். நங்கூரம் இல்லையென்றால் அதைக் கடற்படை வாள் என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும், ஏனென்றால் உருவம் தரைப்படை வாளுடையதே.

முதல் அரசு மாதிரி எது? எப்படி அடையாளம் காண்றது?

1805 ஆகஸ்ட் 4-இல் வந்த ஒழுங்கு. அலகு நேரானது, சுமார் 32 அங்குலம். கைக்காப்பு தகடாக இருக்காது. குதிரைச் சேணத்தின் அங்கவடி போன்ற ஒற்றை வளைவுப் பட்டை மட்டும். குறுக்குத் தண்டிலிருந்து இருபுறமும் அலகின்மேல் இறங்கும் சிறு நாக்குகளில் கயிறு சுற்றிய நங்கூரம் செதுக்கப்பட்டிருக்கும்.

பதவிப் பிரிவு கைப்பிடியிலேயே தெரியும். கமாண்டரும் அதற்கு மேற்பட்டவர்களும்: சிங்கத் தலைக் குமிழ், வெள்ளைத் தந்தக் கைப்பிடி. அவர்களுக்குக் கீழான லெஃப்டினன்ட், மிட்ஷிப்மேன்: படிப்படியாக அடுக்கிய வெற்றுக் குமிழ், கறுப்புக் கைப்பிடி. அலகின் மேற்பாதியில் ஆழ்ந்த நீலமும் அதன்மேல் பொன் வேலைப்பாடும் இருந்தால் அது அந்தக் காலத்தின் சிறந்த வேலை. நீலம் என்பது வண்ணப்பூச்சு கிடையாது. எஃகைச் சூடாக்கும்போது மேற்பரப்பில் தானாகப் படரும் ஆக்சைடு. பொன், பாதரசத்தில் கரைத்துப் பூசிச் சூட்டில் பாதரசத்தை ஓட்டியது. இரண்டும் மிக மெல்லிய படலங்கள். துடைத்துத் துடைத்தே அழிந்துபோன அலகுகள் ஏராளம்.

“டிராஃபல்கர் வாள்”னு போட்டு விக்கிறாங்க. நம்பலாமா?

தேதியைப் பாருங்கள். மேலே சொன்ன ஒழுங்கு வந்தது ஆகஸ்ட் 4. நெல்சன் தலைமையில் பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை வென்ற டிராஃபல்கர் சண்டை அதே ஆண்டு அக்டோபர் 21. இடையில் இரண்டரை மாதம். அதிகாரிகளில் பலர் அப்போது கடலில் இருந்தார்கள். ஆகவே அந்தச் சண்டையில் பெரும்பாலோர் கையில் இருந்திருக்கக்கூடியவை பழைய வகைகள். 1805 மாதிரி வாளின் உருவத்தை மட்டும் காட்டி டிராஃபல்கர் என்று சொல்வது, பெயருக்கு விலை ஏற்றுவது. உரிமையாளரின் பெயர் பொறித்திருந்து, அவர் எந்தக் கப்பலில் பணியாற்றினார் என்பது பதிவேட்டில் ஒத்துவந்தால் மட்டும் பேசலாம். நெல்சனே அன்று வாள் அணியவில்லை. அது அவருடைய அறையில் மேசைமேல் கிடந்தது.

இதோடு குழப்பப்படும் இன்னொன்று, லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸின் தேசபக்தி நிதி பரிசளித்த வாள்கள். 1803 முதல் 1809 வரை வீரச்செயல்களுக்காக 30, 50, 100 பவுண்டு மதிப்பில் மூன்று தரமாக வழங்கப்பட்டவை. கேப்டன், கமாண்டர்களுக்கு 100, லெஃப்டினன்ட்களுக்கு 50, அதற்குக் கீழே 30. லண்டன் ஸ்ட்ராண்ட் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட் டீட் செய்துகொடுத்தார். கைக்காப்பு ஹெர்குலிஸின் கதாயுதமும் அதைச் சுற்றிய பாம்புமாக இருக்கும்; முதுகுத் தகட்டில் சிங்கத் தோல் போர்த்தியிருக்கும்; அலகில் பெற்றவரின் பெயரும் செயலும் முழு வாக்கியமாக இருக்கும். பெயர் எழுதாத “லாயிட்ஸ் வாள்” என்றால் விலகிவிடுங்கள்.

இப்ப எல்லாரும் பாக்கிற அந்த மூடின பித்தளைக் கைக்காப்பு எப்ப வந்துச்சு?

1827-இல். பின்னாளில் நான்காம் வில்லியம் மன்னரான கிளாரன்ஸ் கோமகன் அப்போது கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அந்த வடிவம் அடிப்படையில் இன்றுவரை மாறவில்லை. விரல்களைப் பாதி கூடைபோல் மூடும் கனத்த பித்தளைத் தகடு, அதன்மேல் புடைத்த கம்பி வரிகள், நடுவில் நீள்வட்டத்துக்குள் கிரீடமும் கயிறு சுற்றிய நங்கூரமும். சிங்கத் தலை தொடர்ந்தது. கைப்பிடி தந்தத்திலிருந்து வெள்ளைத் திருக்கைத் தோலுக்கு மாறியது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். கைக்காப்பின் உடல்பக்க விளிம்பில் கீலில் மடியும் சிறு தகடு இருக்கும், அதில் ஒரு துளை. உறையின் வாய்ப்பூணில் ஒரு சின்னப் பித்தளை முளை. வாளை உறையில் போட்டுத் தகட்டை அழுத்தினால் துளை முளையில் “டக்”கென்று உட்காரும். ஆடும் தளத்தில், ஏணியில் ஏறி இறங்கும்போது வாள் நழுவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. வாளும் உறையும் ஆரம்பத்திலிருந்தே ஜோடியா என்பதைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

1827 வாளிலேயே ரெண்டு விதமான அலகு பாத்திருக்கேன். எது சரி?

இரண்டும் சரி, காலம் வேறு. முதலில் வந்தது குழல் முதுகு அலகு: லேசான வளைவு, முதுகில் நெடுக ஒரு உருண்டைத் தண்டு ஓடுவதுபோல் இருக்கும், நுனிக்கு அருகில் அந்தத் தண்டு முடிந்து இரு பக்கமும் கூரான இறகு முனையாகும். பார்க்க அழகு. குத்துவதற்கு விறைப்பும் இருந்தது. ஆனால் வெட்டும்போது மெல்லிய அலகைத் தொடர்ந்து வரும் உருண்டை முதுகு வெட்டுவாயில் தடுக்கி நின்றுவிடும். அது வடிவத்திலேயே உள்ள குறை.

லண்டன் வாள் தயாரிப்பாளர் ஹென்றி வில்கின்சன் இதற்கு மாற்றாகத் தட்டை முதுகும் பக்கத்துக்கு ஒரு அகன்ற பள்ளமும் கொண்ட அலகை வடிவமைத்தார். 1846-இல் கடற்படை அதை ஏற்றது. நீளம் சுமார் 31½ அங்குலம், இன்னும் லேசான வளைவு. எனவே “1827 மாதிரி, 1846 அலகு” என்று ஏலப் பட்டியலில் பார்த்தால் முரண்பாடு இல்லை. கைப்பிடி அமைப்பு முதல் ஆண்டினுடையது, அலகு இரண்டாம் ஆண்டினுடையது.

அலகு நடுவுல ஓடுற பள்ளம் ரத்தம் வடியறதுக்குத்தானே?

இல்லை. பள்ளம் எடை குறைக்கும், விறைப்பு குறையாமல். முதுகும் வாய்ப்பக்கமும் தடித்து, நடு மெலிந்த குறுக்குவெட்டு வளையாமல் நிற்கும். கட்டடத்தில் போடும் இரும்பு உத்திரத்தின் நடுத்தகடு மெல்லியதாக இருப்பதும் இதே கணக்கில்தான்.

என் வாள்ல சிங்கமே இல்ல, கைப்பிடியும் கறுப்பு. டூப்ளிகேட்டா?

அவசரப்பட வேண்டாம். 1827-க்குப் பிறகும் வாரண்ட் அதிகாரிகள் போன்ற கீழ்நிலைப் பிரிவினருக்குக் கைக்காப்பு அதேதான், குமிழ் மட்டும் படியடுக்கு, கைப்பிடி கறுப்புத் தோல். இவை குறைவாகத்தான் வாங்கப்பட்டன. நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம். சிங்கம் இல்லையே என்று மலிவாகத் தள்ளிவிடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். நிதானமாகப் பார்ப்பவருக்கு அது வாய்ப்பு.

கைப்பிடி அரேபிய வாள் மாதிரி வளைஞ்சிருக்கு, ஆனா நங்கூரம் இருக்கு. இது என்ன?

மம்லூக் வகை, அதாவது எகிப்தை ஆண்ட மம்லூக் வீரர்களின் வாள் வடிவம். எகிப்துப் போர்களுக்குப் பின் ஐரோப்பாவில் பரவிய மோகம். ராயல் நேவியில் 1842 முதல் 1856 வரை அட்மிரல் தரத்தினருக்கு மட்டும் இந்த வடிவம் இருந்தது. கைக்காப்புத் தகடே இல்லை, குறுக்குத் தண்டு மட்டும். 1856-க்குப் பின் அவர்களும் பொது வடிவத்துக்கே திரும்பினார்கள். வேறுபாடு உறைப் பூண்களில் ஓக் இலையும் காயுமாக வந்த வேலைப்பாட்டில் நின்றது. அந்தப் பூண் உள்ள உறையோடு சாதாரண வாள் கிடைத்தால் உறை மாறியதா என்று பாருங்கள். பதவி உயர்வுக்குப் பின் உறையை மட்டும் புதிதாக வாங்கியவர்களும் உண்டு.

என் வாள் எந்தக் காலத்துதுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அலகின் வடிவம். குழல் முதுகு என்றால் 1846-க்கு முந்தைய பாணி. பள்ளமும் லேசான வளைவும் இருந்தால் 1846-க்கும் 1929-க்கும் இடையில். பள்ளமிட்ட நேர் அலகு என்றால் 1929-க்குப் பின், ஏனென்றால் அந்த ஆண்டில் அலகை நேராக்கினார்கள். ஒரு விலக்கு: விக்டோரியா கால இறுதியில் சிலர் விருப்பத்தின்பேரில் இருபுறமும் வாய் கொண்ட அகன்ற ஸ்காட்லாந்து பாணி நேர் அலகை வாங்கினார்கள். அதன் அகலமே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து கைக்காப்பில் உள்ள கிரீடம். 1901 முதல் 1950-களின் தொடக்கம்வரை கிரீடத்தின் வளைவுகள் மேலே உருண்டு உயர்ந்திருக்கும். இரண்டாம் எலிசபெத் காலத்தில் வளைவுகள் நடுவில் அமுங்கி, தோள்கள் உயர்ந்திருக்கும். விக்டோரியா காலக் கிரீடமும் இப்படி அமுங்கியதாக வருவதால் புதியவர்கள் தடுமாறும் இடம் இது. அப்போது அலகிடம் திரும்புங்கள்: வளைந்த அலகானால் விக்டோரியா, நேர் அலகானால் எலிசபெத்.

மூன்றாவது, அலகில் அமிலத்தால் பொறித்த அரசர் முடியெழுத்து, அதாவது அரசரின் பெயரெழுத்துச் சின்னம். எட்வர்ட் 1901–1910, ஐந்தாம் ஜார்ஜ் 1910–1936, ஆறாம் ஜார்ஜ் 1936–1952, இரண்டாம் எலிசபெத் 1952–2022. எல்லா அலகிலும் முடியெழுத்து இருக்காது. விக்டோரியா காலக் கடற்படை அலகுகளில் அரசச் சின்னமும் நங்கூரமும் கொடிவேலையும் மட்டும் இருப்பது சகஜம்.

நான்காவது, கடையின் பெயர். “வில்கின்சன் வாள் கம்பெனி” என்று இருந்தால் 1890-களுக்கு முன் போக முடியாது. அதற்கு முன் “ஹென்றி வில்கின்சன், பால் மால், லண்டன்”. “கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ்” என்றால் 1974-க்குப் பின், அந்த ஆண்டில்தான் இரு கடைகளும் ஒன்றாயின.

அலகோட முதுகுல ஒரு நம்பர், பக்கவாட்டுல பித்தளைப் பொட்டு, சுத்தி ஆறுமுனை நட்சத்திரம். யூத அதிகாரியோட வாளா?

இல்லை. பித்தளைப் பொட்டு, அலகு சோதனையில் தேறியது என்பதற்கான அடையாளம். அலகை வளைத்தும் கட்டையில் ஓங்கி அடித்தும் பார்த்த பிறகு கைப்பிடிக்கு அருகே பதிப்பார்கள். சுற்றியுள்ள நட்சத்திரம் அதற்கான அலங்காரச் சட்டம், மதத்தோடு தொடர்பில்லை. பொட்டு இருந்தாலே வில்கின்சன் என்றும் முடிவு கட்ட வேண்டாம். மற்ற தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றினார்கள்.

முதுகில் உள்ள எண் வேறு விஷயம், மிக மதிப்புள்ளது. வில்கின்சன் 1854 முதல் தன் முதல்தர அலகுகளுக்கு வரிசை எண் இட்டது. எந்த எண் யாருக்குப் போனது என்ற பேரேடுகள் பெருமளவு தப்பியிருக்கின்றன. எண் கைப்பிடிக்கு ஒட்டினாற்போல் இருக்கும், துருவில் மங்கியிருக்கும். அதைத் தேய்த்துத் தெளிவாக்க முயலாதீர்கள். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் இலக்கங்களின் நிழல் எழும்பும். அதைப் படமெடுங்கள். எண் இல்லாத வில்கின்சன் வாள்களும் உண்மையானவையே. விலை குறைந்த தரங்களுக்கு எண் இடுவதில்லை.

அலகுல லண்டன் கடைப் பேரு, ஆனா ஜெர்மனியில செஞ்சதுன்னு சொல்றாங்களே?

நடந்ததுதான். பெயர் போட்ட கடைகளில் பல, சீருடை தைக்கும் கடைகள். அலகை ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து வரவழைத்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். கைப்பிடிக்குக் கீழே, தோலாலோ துணியாலோ ஆன வட்டத் தகட்டை ஒட்டி, அலகு செய்தவரின் சின்ன முத்திரை ஒளிந்திருக்கலாம். இது மோசடி இல்லை, குறையும் இல்லை.

புதுசா செஞ்ச போலியை எப்படிப் பிடிக்கிறது?

சிங்கத்தின் முகத்தைப் பாருங்கள். பழைய வேலையில் வார்த்த பிறகு உளியால் மயிரை இழை இழையாகச் செதுக்கித் தெளிவாக்கியிருப்பார்கள். போலியில் முகம் சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல் மழுங்கியிருக்கும். கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிடும். ஏற்கெனவே இருக்கும் வாளிலிருந்து அச்செடுத்து வார்ப்பதால் வருவது இது.

குமிழின் உச்சியைப் பாருங்கள். பழையவற்றில் அலகின் வால் அங்கே அடித்துப் பரப்பிய புள்ளியாகத் தெரியும். வெளியே துருத்தி நிற்கும் திருகு மரை அலங்கார வாளின் அடையாளம். 20-ஆம் நூற்றாண்டின் உண்மை வாள்களிலும் மரை உண்டு என்றாலும் நேர்த்தியாகப் பொருந்தியிருக்கும். அலகைக் கையில் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். நுனியை நோக்கி மெலியாமல் ஒரே தடிப்பாக இருந்தால் தகட்டிலிருந்து வெட்டியது. பொறிப்பு, உண்மையானதில் பளபள வடிவமும் மங்கிய பின்னணியுமாக மெல்லிய கோடுகளோடு வரும். போலியில் ஒரே ஆழத்தில் கரகரவென்று இருக்கும். மடிதகடு அசையாமல் வார்ப்போடு சேர்ந்தே இருந்தால் அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.

முலாம் பூசிய பளபள அலகை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்காதீர்கள். துரு பிடிக்காமலிருக்க நிக்கல், குரோம் பூசிய உண்மை வாள்கள் நிறைய உண்டு.

வாய் மொக்கையா இருக்கு. அப்ப இது வெறும் அணிவகுப்பு வாளா?

கூர் இல்லாமல்தான் வாள்கள் விற்பனைக்கு வந்தன. போருக்குப் புறப்படும்போது தீட்டிக்கொள்வார்கள். தீட்டிய தடம் இருந்தால் அது நல்ல செய்தி. இல்லாவிட்டால் குறை இல்லை. நீங்களாகத் தீட்டவே கூடாது. வாய்ப்பக்கத்தில் பழைய தீட்டல் இருந்தால் சாணைக்கல்லின் சீரான மெல்லிய கோடுகள் குறுக்காகத் தெரியும், அந்தக் கோடுகள்தான் சான்று.

கடற்படைக்காரங்க வாளைத் தரையில இழுத்துட்டு நடக்கிறது, ஒரு கலகத்துக்குக் கிடைச்ச தண்டனையாமே?

நல்ல கதை, ஆனால் ஆதாரம் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் நீண்ட தொங்குவார்களில் வாளைத் தாழத் தொங்கவிடுவது குதிரைப்படையிலிருந்து பரவிய பாணி. தாழத் தொங்குவதால் நடக்கும்போது கையில் பிடிக்க வேண்டியிருக்கிறது, விட்டால் உரசும். அவ்வளவே.

உறைக்குள்ள வாள் சிக்கிடுச்சு. எப்படி எடுக்கிறது?

சுத்தியல் வேண்டாம், திருகவும் வேண்டாம். மேசைமேல் படுக்க வைத்து, உறை வாயில் மெல்லிய இயந்திர எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டு, நுனி கீழாகச் சாய்த்து ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒருவர் வாய்ப்பூணைப் பிடிக்க, இன்னொருவர் அலகின் வளைவுக்கு ஏற்றபடி இழுக்க வேண்டும். அசையவில்லையென்றால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நாள். தோல் பகுதியை நடுவில் பிடிக்காதீர்கள்: பழைய தையல் விட்டுப்போயிருந்தால் அலகு உறையைப் பிளந்து விரலுக்கு வரும்.

எடுத்த பிறகு திரும்பப் போடும்போதுதான் அதிகச் சேதம். தோல் காலப்போக்கில் நீளத்தில் சுருங்கும். மடிதகட்டின் துளை முளைக்கு எட்டாமல் அரை அங்குலம் நின்றால் உறை சுருங்கியிருக்கிறது என்று பொருள். அழுத்தித் தள்ளினால் நுனிப்பூணைப் பிடித்திருக்கும் சிறு ஆணிகள் தோலைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். அந்த நிலையில் இரண்டையும் தனித்தனியே வைப்பதே நல்லது.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. எலுமிச்சை, பிராஸோ, சாம்பல் எதுவுமே கூடாது. நீங்கள் பித்தளை என்று பார்ப்பது பொன்முலாம் பூசிய பித்தளை. புளியின் அமிலமும் பாலிஷின் தூளும் முலாமைக் கொண்டுபோகும். ஒருமுறை போனால் மஞ்சள் பித்தளைதான் மிஞ்சும், வாளின் மதிப்பில் பெரும்பங்கும் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு இரண்டு சொட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி, சின்னச் சின்னப் பகுதியாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். பச்சைக் களிம்பைக் கூர் சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டலாம்.

அலகில் சிவப்புத் துரு இருந்தால் எண்ணெய் தடவி ஊறவிட்டு அதே மூங்கிலாலோ செம்புக் காசின் விளிம்பாலோ எடுங்கள். செம்பு எஃகைவிட மென்மை, கீறாது. உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம்: பொறிப்பு மயிரிழை ஆழம்தான், நாலு இழுப்பில் காணாமல்போகும். நீலமும் பொன்னும் உள்ள பகுதியில் உலர்ந்த மென்துணி தவிர வேறெதுவும் படக்கூடாது. கறுத்துப் பழுத்த பழந்துரு அப்படியே இருக்கட்டும். திருக்கைத் தோலுக்கு உலர்ந்த மென்தூரிகை. கைப்பிடிக் கம்பி தளர்ந்திருந்தால் பசை வைக்காமல் நூலால் தற்காலிகமாகக் கட்டி வையுங்கள்.

நாங்க இருக்கிறது கடலோர ஊர். எப்படிப் பாதுகாக்கிறது?

உப்புக்காற்றும் ஈரப்பதமும்தான் எதிரி. சுத்தம் செய்தபின் அலகிலும் பித்தளையிலும் அருங்காட்சியகங்களில் பயன்படும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, துணியால் மெருகேற்றுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது சிக்கு பிடித்து அமிலமாகும், தோலில் பூஞ்சை வரும். உறையை வாளோடு சேர்த்து நிரந்தரமாக வைக்காதீர்கள்: தோல் ஈரத்தை உறிஞ்சி அலகுக்குக் கொடுக்கும், பதனிட்ட ரசாயனம் பித்தளையைக் களிம்பாக்கும். மழைக்காலத்தில் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தொட்டால் கையுறை, விரல் ரேகை எஃகில் சில நாளில் துருவாகப் பதியும்.

கிரீடத்துக்குப் பதிலா அசோகச் சிங்கம் இருக்கு. இதுவும் பழசா?

அது இந்தியக் கடற்படை வாள். உருவம் முழுக்க 1827 மரபு, சின்னம் மட்டும் 1950-இல் இந்தியா குடியரசானபின் மாறியது. எனவே அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

கைக்காப்பு ஒரு காலம், அலகு ஒரு காலம், உறை ஒரு காலம்னு வருது. எதை நம்புறது?

மிகப் பிந்தைய பாகம்தான் வாள் இப்போதைய உருவத்துக்கு வந்த காலத்தைச் சொல்லும். விக்டோரியா காலக் கைக்காப்பில் 1929-க்குப் பிந்தைய நேர் அலகு இருந்தால், அலகு மாற்றப்பட்டது. இது ஏமாற்றாக இருக்கலாம், குடும்பக் கதையாகவும் இருக்கலாம்: அப்பாவின் வாளை மகன் எடுத்துக்கொண்டு, தேய்ந்த அலகை மாற்றியது நடந்திருக்கிறது. வேறுபடுத்த, குமிழ் உச்சியில் வால் பரப்பிய இடத்தைப் பாருங்கள். தொழிற்பட்டறையில் மாற்றியது வட்டமாகச் சுத்தமாக, முலாமோடு இருக்கும். அண்மையில் யாரோ கோத்தது சுத்தியல் தழும்போடு, சுற்றிலும் முலாம் உரிந்து இருக்கும். அலகின் தோளும் கைக்காப்பும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இந்தியாவுல இதை வெச்சிருக்கலாமா, வாங்கலாமா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

ஆயுதச் சட்டம், 1959-இன் கீழ் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள வாள்கள் ஆயுதப் பட்டியலில் உள்ளன. ஆனால் உரிமம் தேவைப்படுவது அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில். உங்கள் மாவட்டம் அதில் வருகிறதா என்று ஆட்சியர் அலுவலகத்திலோ காவல் ஆணையர் அலுவலகத்திலோ எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூறு ஆண்டு கடந்த வாள், தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972-இன்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தந்தக் கைப்பிடி உள்ள 1805 மாதிரியோ அதற்கு முந்தைய ஐந்துருண்டை வாளோ என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும்: எவ்வளவு பழசானாலும் தந்த வணிகத்துக்குத் தடை. பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல் தந்தச் சட்டம் அமலில் இருப்பதால், 1947-க்கு முந்தையது, தந்தத்தின் அளவு பத்து சதவீதத்துக்குக் கீழ் என்பன போன்ற விலக்குகளில் பதிவு செய்தால்தான் விற்க முடியும். வெளிநாட்டு ஏலத்தில் பணம் கட்டுமுன் கைப்பிடி தந்தமா, எலும்பா, திருக்கைத் தோலா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் இருக்கும். எலும்பில் கறுத்த சிறு புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். கைப்பிடியின் இரு முனைகளையும் நெருங்கி எடுத்த படம் கேட்டால் இதை நீங்களே பார்த்துவிடலாம்.